ஆயுதம் ஏந்தாத படைகள் – 9: சிவப்பு உடுத்தியவர்களைப் பிடியுங்கள்!

சென்ற வாரம் கிழக்குப் போலந்தில், ஹெலிகாப்டர் தொழிற்சாலையை நம்பி வாழ்ந்த ஷ்வித்னிக் என்ற ஊரில் நின்றிருந்தோம். 1981 டிசம்பர் 13 அன்று நாட்டின் கம்யூனிஸ்ட் ஆட்சித் தலைவர் ஜெனரல் யாருசெல்ஸ்கி இராணுவச் சட்டத்தை அறிவித்து, ஏறத்தாழ 1 கோடிப் பேரைக் கொண்டிருந்த சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தை முடக்கினார். இரண்டு மாதங்கள் கழித்து ஷ்வித்னிக் மக்கள், அரசுத் தொலைக்காட்சியில் இரவு 7.30 மணிச் செய்தி தொடங்கும்போதெல்லாம் வீட்டைப் பூட்டிக்கொண்டு உலாவக் கிளம்பினார்கள். சிலர் தொலைக்காட்சிப் பெட்டியை ஜன்னலில் தெருப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள். அரசு ஊரடங்கு நேரத்தை முன்னுக்குத் தள்ளியது. மக்கள் மாலை 5 மணிச் செய்திக்கு உலாவத் தொடங்கினார்கள். காலாற நடப்பது எந்தச் சட்டப்படி குற்றம் என்று அந்த அரசால் சொல்ல முடியவில்லை.

இந்த வாரம் நாட்டின் மறுகோடிக்குப் போகிறோம். ஜெர்மானியரின் பிரெஸ்லாவாக இருந்து, இரண்டாம் உலகப் போருக்குப் பின் போலந்தின் கைக்கு வந்து, கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களால் நிரம்பிய வ்ரோத்ஸ்வாஃப் அது. பல்கலைக்கழக நகரம். நாடகக் கலையின் இலக்கணத்தையே மாற்றிய யெஷி குரோட்டோவ்ஸ்கி தன் சோதனை அரங்கை நடத்திய நகரமும் அதுதான். அங்கே 1987 நவம்பரில் ஒரு மாலைப்பொழுதில், கம்யூனிஸ்ட் அரசின் காவலர்கள் சிவப்பு உடை அணிந்தவர்களைத் தேடிப் பிடித்து வேனில் ஏற்றினார்கள். அந்த நிலைக்கு ஓர் அரசு எப்படி வந்து சேர்ந்தது?

◆

சுவரில் ஒரு திட்டு

1982-இல் போலந்து நகரங்களின் சுவர்களைப் பார்த்தாலே நாட்டின் நிலை தெரிந்துவிடும். இரவில் யாரோ ஒருவர் சாலிடாரிட்டியின் முழக்கம் ஒன்றை எழுதுவார். காலையில் அரசின் ஆள் வந்து அதன்மேல் பெயின்ட் அடித்துவிட்டுப் போவார். எழுத்து மறைந்துவிடும், ஆனால் சுவரின் பழைய நிறத்தோடு ஒட்டாத புதுத் திட்டு ஒன்று அங்கே நிற்கும். இங்கே ஏதோ எழுதியிருந்தது, அதை அழித்துவிட்டார்கள் என்று போவோர் வருவோர் எல்லோருக்கும் அந்தத் திட்டே சொல்லிக்கொண்டிருந்தது. சுவருக்கும் காது உண்டு என்று பயந்து மக்கள் தாழ்ந்த குரலில் பேசிய காலம். அந்தச் சுவரின் வாயையும் அரசு பொத்திவைத்திருந்தது.

ஆகஸ்ட் 30 நள்ளிரவில் வால்டெமார் ஃபிட்ரிஹ் என்ற இளைஞரும் அவருடைய நண்பர் ஒருவரும் தூரிகையோடு கிளம்பினார்கள். ஃபிட்ரிஹ் வரலாறும் கலை வரலாறும் படித்தவர். கட்டாய இராணுவச் சேவைக்குத் தப்புவதற்காக மனநிலை சரியில்லாதவர்போல் நடித்த காலத்தில் ஒட்டிக்கொண்ட ‘மேஜர்’ என்ற பட்டப்பெயரால்தான் நகரம் அவரை அறிந்திருந்தது. ‘ஆரஞ்சு மாற்று’ என்ற பெயரில் 1981 மாணவர் வேலைநிறுத்தத்தின்போது ஒரு சிறு பத்திரிகை நடத்தி, ‘சோஷலிச சர்ரியலிசம்’ என்ற கொள்கை அறிக்கையையும் வெளியிட்டிருந்தார். அன்றிரவு அவர்கள் முழக்கம் எதையும் எழுதவில்லை. அரசு பூசிவைத்த அந்தத் திட்டுகளின்மேல் ஒரு சித்திரக்குள்ளனை வரைந்தார்கள். தலையில் கூம்புத் தொப்பி, கையில் ஒரு பூ. போலந்துப் பிள்ளைகள் தாலாட்டுக் காலத்திலிருந்தே கதைகளில் கேட்டு வளரும் உருவம் அது.

மறுநாள், ஆகஸ்ட் 31, சாலிடாரிட்டியை அரசு அங்கீகரித்த கதான்ஸ்க் உடன்படிக்கையின் இரண்டாம் ஆண்டு நிறைவு. நாடெங்கும் ஆர்ப்பாட்டம் நடந்தது. வ்ரோத்ஸ்வாஃபுக்கு வடமேற்கே உள்ள லுபின் நகரில் காவலர்கள் சுட்டதில் மூன்று பேர் இறந்தார்கள். வ்ரோத்ஸ்வாஃபிலும் ஒருவர் குண்டடிபட்டு உயிரிழந்தார். முந்தைய டிசம்பரில் வுயெக் சுரங்கத்தில் ஒன்பது தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள்.

இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒரே நகரம், ஒரே நாள். ஒரு பக்கம் குண்டு, மறுபக்கம் பூ ஏந்திய குள்ளன். இரத்தம் சிந்தும் வேளையில் பொம்மை வரைவது இறந்தவர்களை அவமதிப்பதாகாதா என்ற கேள்வி அன்றே எழுந்திருக்கும். நியாயமான கேள்வி. அதைத் தட்டிக்கழிக்காமல் இந்தப் பகுதி முழுவதும் கூடவே அழைத்துச் செல்வோம்.

அடுத்த சில மாதங்களில் வ்ரோத்ஸ்வாஃபிலிருந்து வூச், வார்சா என்று பல நகரச் சுவர்களில் குள்ளர்கள் முளைத்தார்கள். மொத்தம் ஆயிரத்துக்கும் மேல் இருக்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள். வூச் நகரில் வரைந்துகொண்டிருந்தபோது ஃபிட்ரிஹ் பிடிபட்டார். காவல் நிலையத்தில் அவர் கொடுத்த விளக்கம் பின்னாளில் புகழ்பெற்றது. மார்க்சியப் பாடப்புத்தகத்தின் மொழியிலேயே அவர் பேசினார்: சுவரில் எழுதிய முழக்கம் கருத்து, அதன்மேல் பூசிய பெயின்ட் எதிர்க்கருத்து, இரண்டும் மோதிப் பிறந்த இணைவுதான் குள்ளன், அளவு பெருகும்போது குணம் மாறும் என்பதால் குள்ளர்கள் பெருகப் பெருக நல்லது. விசாரித்த அதிகாரி பணியாற்றிய அரசின் அதிகாரபூர்வத் தத்துவமே அது. அதை மறுத்தால் தன் கட்சியை மறுப்பதாகும். ஏற்றுக்கொண்டால் குள்ளனை ஏற்றுக்கொள்வதாகும். ஷ்வித்னிக் மக்கள் காலால் கண்டுபிடித்ததை ஃபிட்ரிஹ் வாயால் கண்டுபிடித்திருந்தார். எப்படிப் பதில் சொன்னாலும் அரசுக்கே இழப்பு வரும்படி ஒரு செயலை வடிவமைக்க முடியும் என்பதே அந்தக் கண்டுபிடிப்பு.

◆

ஐந்து ஆண்டுகள் ஏன் எதுவும் நடக்கவில்லை?

இந்தக் கதையைச் சொல்பவர்களில் பெரும்பாலோர் 1982-இன் குள்ளனிலிருந்து நேராக 1987-இன் கூட்டத்துக்குத் தாவிவிடுகிறார்கள். எனக்கோ இடையில் உள்ள வெற்றிடம்தான் மிக முக்கியமாகப் படுகிறது. அதே மனிதர், அதே நகரம், அதே குள்ளன். ஆனாலும் ஐந்து ஆண்டுகள் அந்தக் குள்ளன் சுவரை விட்டு இறங்கவில்லை, அவனைப் பார்த்துச் சிரித்தவர்கள் தெருவில் கூடவில்லை. நகைச்சுவைக்குத் தனியே ஏதோ மந்திர சக்தி இருந்திருந்தால் 1982-லேயே கூட்டம் திரண்டிருக்க வேண்டும். திரளவில்லை. ஆகவே சிரிப்பு எப்போது வேலை செய்கிறது, எதன்மீது வேலை செய்கிறது என்று கேட்காமல் அதைப் புகழ்வதில் பயனில்லை.

ஒருவர் ஆர்ப்பாட்டத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது மனத்துக்குள் ஒரு கணக்குப் போடுகிறார். போனால் என்ன இழப்பேன்? வேலை, பிள்ளையின் கல்லூரி இடம், சில மாதச் சிறை, சில நேரம் உயிர். என்னோடு எத்தனை பேர் வருவார்கள்? பத்துப் பேர் என்றால் நான் தனியே மாட்டிக்கொள்வேன், பத்தாயிரம் பேர் என்றால் தப்பித்துக்கொள்வேன். மற்றவர்களும் இதே கணக்கைப் போட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதால் எண்ணிக்கை கூடுவதே இல்லை. அடக்குமுறை அரசு நிலைப்பது துப்பாக்கியால் மட்டுமல்ல; அனைவரும் தனித்தனியே போடும் இந்தக் கணக்கு ஒரே விடையில் வந்து முடிவதாலும்தான். போலந்தில் 1982-க்குப் பின் சாலிடாரிட்டி ஆதரவாளர்களின் ஆண்டு நினைவு ஆர்ப்பாட்டங்கள் ஒரு சடங்கின் வடிவத்துக்கு வந்துவிட்டன. முழக்கம், கண்ணீர்ப்புகை, தண்ணீர் பீய்ச்சும் வண்டி, கல்வீச்சு, தடியடி, கைது. அதற்கெல்லாம் துணிந்தவர்கள் மட்டும் வந்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் தாயோ ஓய்வூதியம் வாங்கும் முதியவரோ அந்தக் கூட்டத்தில் நிற்க முடியாது. வருபவர் தொகை ஆண்டுக்காண்டு தேய்ந்தது.

இதற்கிடையில் அரசின் கழுத்தில் வேறொரு கயிறு விழுந்திருந்தது. நாட்டின் வெளிக்கடன் 4,000 கோடி டாலரை நெருங்கிக்கொண்டிருந்தது. மேற்கு நாடுகளிடம் புதுக் கடனும் தவணை நீட்டிப்பும் கேட்க வேண்டிய நிலை. 1986-இல் போலந்து சர்வதேச நாணய நிதியத்தில் சேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அரசியல் கைதிகளைப் பொதுமன்னிப்பில் விடுவித்தது. 1987 பிப்ரவரியில் அமெரிக்கா தன் பொருளாதாரத் தடைகளை நீக்கிக்கொண்டது. மாஸ்கோவில் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் சீர்திருத்தம் பேசத் தொடங்கியிருந்தார். யாருசெல்ஸ்கியின் அரசுக்கு இப்போது உலகத்தின் முன் காட்ட ஒரு முகம் தேவைப்பட்டது.

ஆனால் இது அரசின் கணக்குப் புத்தகத்தில் நடந்த மாற்றம். தெருவில் நடப்பவருக்கு இது தெரியாது. அவருடைய நினைவில் இருப்பது 1981-இன் டாங்கியும் 1982-இன் குண்டும்தான். கட்டியிருந்த கயிறு தளர்ந்திருந்தாலும் இழுத்துப் பார்க்காதவனுக்கு அது இறுக்கமாகவே தோன்றும். இழுத்துப் பார்ப்பவர் யார்? இழுத்துப் பார்ப்பதற்கும் விலை உண்டே?

அந்த விலையைக் குறைத்ததுதான் குள்ளன் செய்த வேலை.

◆

ஷ்வித்னிட்ஸ்கா தெரு

1987 ஜூன் 1, குழந்தைகள் தினம். நகரின் கடைத்தெருவான ஷ்வித்னிட்ஸ்காவுக்குக் குள்ளர்களாக வாருங்கள் என்று துண்டறிக்கைகள் அழைத்தன. வந்தவர்களுக்குச் சிவப்புத் தொப்பிகள் கொடுத்தார்கள். மிட்டாய் வழங்கினார்கள், பாடினார்கள், ஆடினார்கள். அரசுக்கு எதிராக ஒரு சொல்கூட இல்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் அனுமதி பெறாத கூட்டம் எதுவானாலும் அங்கே அரசுக்கு எதிரானதுதான். காவலர்கள் வந்து குள்ளர்களைப் பிடித்தார்கள். பிடிபட்டவர்கள் திமிறவில்லை, வேனுக்குள்ளிருந்தும் மிட்டாயை வீசினார்கள்.

அந்த இடமும் நேரமும் தற்செயலாக அமைந்தவை என்று நான் நினைக்கவில்லை. ஆர்ப்பாட்டம் என்றால் மக்கள் ஓரிடம் தேடிப் போக வேண்டும், போகும் வழியிலேயே காவலர் மறித்துவிடலாம். ஷ்வித்னிட்ஸ்காவிலோ மக்கள் ஏற்கனவே இருந்தார்கள். வேலை முடிந்து, கடைகளில் எது வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, வரிசைகளில் நின்றுகொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்ப்பவரும் பங்கேற்பவரும் அங்கே ஒரே நடைபாதையில் கலந்துவிட்டார்கள். வெறுமனே கடைக்கு வந்தேன் என்று எவரும் எந்த நிமிடமும் சொல்லிக்கொள்ளலாம், அது உண்மையாகவும் இருக்கும். ஆர்ப்பாட்டக்காரர் யார், பாதசாரி யார் என்று பிரிக்கும் கோட்டை இல்லாமல் ஆக்கியதால், பங்கேற்பதற்கு ஒருவர் கொடுக்க வேண்டிய விலை ஒரு மிட்டாயை வாங்கிக்கொள்ளும் அளவுக்குச் சுருங்கிப்போனது.

அக்டோபரில் அதே தெருவில் டாய்லெட் பேப்பர் விநியோகித்தார்கள். அதன் தட்டுப்பாடு அப்போது ஒவ்வொரு வீட்டின் பிரச்சினை. ரேஷன் கடை வரிசையில் நின்று பழகிய எவருக்கும் புரியக்கூடிய விஷயம்தான் இது: ஓர் அரசு எஃகு உற்பத்தியைப் பற்றி எவ்வளவு பெருமை பேசினாலும், மனிதரின் அன்றாட மானத்துக்குத் தேவையான ஒன்றைக் கொடுக்க முடியாதபோது அதன் பேச்சுக்கு மதிப்பில்லை. நூறு பக்கப் பொருளாதார விமர்சனம் சொல்ல வேண்டியதை ஒரு துண்டுக் காகிதம் சொல்லிவிட்டது. அதைக் கொடுத்தவரைக் கைது செய்ய வந்த காவலரும் வீட்டில் அதே தட்டுப்பாட்டில் இருந்தவர்தானே.

◆

1987 நவம்பர் 6. மாலை 4 மணி.

மறுநாள் ரஷ்யப் புரட்சியின் 70-ஆம் ஆண்டு நிறைவு. கம்யூனிஸ்ட் உலகம் முழுவதும் கொடியேற்றி விழா எடுக்கும் நாள். ஃபிட்ரிஹும் நண்பர்களும் அதற்கு முந்தைய மாலையைக் கொண்டாட அழைத்தார்கள். துண்டறிக்கை கேட்டதெல்லாம் ஒன்றுதான்: சிவப்பு. சிவப்புக் காலணி, சிவப்புத் தொப்பி, சிவப்புச் சால்வை, எது இருக்கிறதோ அது. எதுவுமே இல்லாதவர் தக்காளி சாஸ் தடவிய நீள ரொட்டி ஒன்றை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு வரலாம்.

வந்தார்கள். அட்டையில் செய்த ‘பொட்டெம்கின்’ வந்தது, ‘அரோரா’வும் வந்தது. புரட்சியின் புனிதக் கப்பல்கள் இரண்டும் ஷ்வித்னிட்ஸ்கா தெருவில் மிதக்க முயன்றன. முனையில் இருந்த ‘பார்பாரா’ என்ற உணவகத்தைச் சுற்றி நகரமே கூடியிருந்தது. காவலர்கள் காத்திருந்தார்கள்.

அவர்கள் முன்னால் இரண்டே வழிகள்தான் இருந்தன. ஒன்று, விட்டுவிடுவது. அப்படியானால் அனுமதியின்றி நூற்றுக்கணக்கானோர் நகரின் நடுத்தெருவில் கூடலாம் என்பது நிலைநாட்டப்பட்டுவிடும். நாளை வேறொரு கூட்டம் வரும், அதன் கையில் ரொட்டிக்குப் பதில் சாலிடாரிட்டி பதாகை இருக்கும். இன்னொன்று, கலைப்பது. அப்படியானால் ரஷ்யப் புரட்சியைக் கொண்டாட வந்தவர்களை, புரட்சியின் நிறத்தை உடுத்தியவர்களை, புரட்சியின் பெயரால் ஆளும் அரசின் காவலர்கள் பிடிக்க வேண்டும். மூன்றாவது வழி எதுவும் இல்லாதபடி அந்த அழைப்பு எழுதப்பட்டிருந்தது.

கலைப்பது என்று முடிவெடுத்தார்கள்.

கூட்டத்தில் யாரைப் பிடிப்பது? அடையாளம் ஒன்றே ஒன்று. சிவப்பு உடுத்தியவர்களைப் பிடித்தார்கள். கப்பல்களை உடைத்தார்கள். சாஸ் தடவிய ரொட்டி வைத்திருந்தவர்களையும் விடவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் அன்று மாலை காவல் நிலையங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

ஓர் அரசியல் அமைப்பு தன் நம்பிக்கையைத் தானே கைவிட்டுவிட்டது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த எதிர்க்கட்சித் தலைவரும் எடுத்துச் சொல்லியிருக்க முடியாது. அரசு இதுவரை எதிரிகளை ‘புரட்சிக்கு எதிரானவர்கள்’ என்று சொல்லித் தண்டித்து வந்தது. அன்று தண்டிக்கப்பட்டவர்கள் புரட்சியை வாழ்த்தியவர்கள். ஆகவே தண்டனைக்கும் கொள்கைக்கும் தொடர்பில்லை, அதிகாரத்தைக் காப்பாற்றுவது ஒன்றே குறி என்பதை வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் தம் கண்ணால் பார்த்தார்கள். இதை அவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். ஆனால் நான் அறிந்திருக்கிறேன் என்பதற்கும், என் பக்கத்தில் நிற்பவரும் அறிந்திருக்கிறார், நான் அறிந்திருப்பது அவருக்கும் தெரியும் என்பதற்கும் இடையே பெரிய தூரம் உண்டு. ஒரே நேரத்தில் எழுந்த சிரிப்பு அந்தத் தூரத்தை ஒரு நொடியில் கடந்தது. முன்பு சொன்ன அந்தத் தனித்தனிக் கணக்கில் ‘என்னோடு எத்தனை பேர்’ என்ற இடத்தில் முதன்முறையாக ஒரு எண் விழுந்தது.

◆

மறுப்புகளுக்கு வருவோம்

கம்யூனிஸ்ட் நாடுகளில் நகைச்சுவைக்கு என்ன பஞ்சம், சமையலறைகளில் தலைவர்களைப் பற்றிய துணுக்குகள் நாற்பது ஆண்டுகளாக ஓடிக்கொண்டுதானே இருந்தன, அதனால் ஆட்சி அசைந்ததா என்று சிலர் கேட்கிறார்கள். குக்கரின் நீராவிபோல் அது மக்களின் ஆத்திரத்தை வெளியேற்றி ஆட்சிக்கே உதவியது என்பது அவர்கள் வாதம். சமையலறைத் துணுக்கைப் பொறுத்தவரை இதை நான் ஒப்புக்கொள்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு சிரிப்பவர், கதவைத் திறந்ததும் முகத்தை மாற்றிக்கொள்கிறார். அந்த முகமாற்றமே பணிவின் ஒரு பயிற்சி. ஷ்வித்னிட்ஸ்காவில் நடந்ததோ இதற்கு நேர் எதிரானது. அங்கே சிரித்தவர்கள் காவலரின் கண்ணெதிரே சிரித்தார்கள், முகத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

அரசு ஏற்கனவே தளர்ந்துவிட்டிருந்தது, தளர்ந்த அரசிடம் விளையாட யாராலும் முடியும் என்பது இன்னொரு மறுப்பு. தளர்ந்திருந்தது உண்மை; அதை நானே மேலே கடனும் பொதுமன்னிப்புமாக எடுத்துக்காட்டினேன். ஸ்டாலின் காலத்தில் இதைச் செய்திருந்தால் சைபீரியாவில் முடிந்திருக்கும் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் தளர்ச்சி தானாகச் சுதந்திரமாக மாறுவதில்லை. மக்கள் அதைக் கண்டுபிடித்துப் பயன்படுத்தாதவரை அரசு அதைத் தன் வசதிக்கே வைத்துக்கொள்ளும், தேவைப்படும்போது மீண்டும் இறுக்கிக்கொள்ளும். எவ்வளவு தளர்ந்திருக்கிறது, எந்த இடத்தில் தளர்ந்திருக்கிறது என்று பொதுமக்கள் அளந்து பார்க்க ஒரு கருவி வேண்டியிருந்தது. அளக்கும்போது யாரும் சாகக் கூடாது. குள்ளன் அப்படிப்பட்ட அளவுகோல்.

மிகக் கனமான மறுப்பு, ஆட்சியை வீழ்த்தியது தொழிலாளர்களின் வேலைநிறுத்தம்தானே என்பது. 1988 பிப்ரவரியின் விலையேற்றம், ஏப்ரல்–மே மாதங்களிலும் மறுபடி ஆகஸ்டிலும் எழுந்த வேலைநிறுத்த அலைகள், இவைதான் அரசைப் பேச்சுவார்த்தை மேசைக்கு இழுத்து வந்தன. இதை மறுக்க எவராலும் முடியாது, மறுக்கவும் கூடாது. ஃபிட்ரிஹும் நண்பர்களும் நடத்திய ‘ஆரஞ்சு மாற்று’ இயக்கம் யாருசெல்ஸ்கியைப் பதவியிறக்கவில்லை. ஆனால் 1988-இல் வேலைநிறுத்தத்தில் முன்னின்றவர்களில் பலர் இளந்தொழிலாளர்கள். 1980-இல் பள்ளிப் பிள்ளைகளாக இருந்தவர்கள். மூத்த தலைமுறை தோல்வியின் சுமையோடு தயங்கியபோது இவர்கள் தயங்கவில்லை. அதே வயதினர்தான் ஷ்வித்னிட்ஸ்காவில் தொப்பி அணிந்தவர்களும். 1989-இன் மாற்றத்தைக் கோர்பச்சேவும் சாலிடாரிட்டித் தலைவர் லெக் வலேசாவும் மட்டும் நிகழ்த்தவில்லை, மத்திய ஐரோப்பா முழுவதும் முளைத்த இப்படிப்பட்ட சிறு இயக்கங்கள் அதற்கு நிலத்தைப் பண்படுத்தின என்று ‘எ கார்னிவல் ஆஃப் ரெவல்யூஷன்’ என்ற நூலில் வரலாற்றாசிரியர் பாட்ரைக் கென்னி வாதிடுகிறார். விதைத்தவர் வேறு, உழுதவர் வேறு. அறுவடை நாளில் உழுதவரை மறந்துவிடுகிறோம் என்பதே என் கருத்தும்.

இனி, கூடவே அழைத்து வந்த அந்தக் கேள்வி. லுபினில் மூன்று பேர் செத்த நாளில் குள்ளன் வரைந்தது அவமதிப்பா? ஷ்வித்னிட்ஸ்காவில் எவரும் இறந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவர்களைக் கொன்ற அதிகாரத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். அஞ்சலி செலுத்தும் கூட்டங்கள் தேவாலயங்களில் தொடர்ந்து நடந்தன. ஒன்று மற்றொன்றை விலக்கவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு கொலைகார அதிகாரம் மக்களிடமிருந்து முதலில் எதிர்பார்ப்பது அச்சத்தைத்தான், அடுத்து வெறுப்பை. வெறுப்பவனைச் சுட்டுவிட்டு, அவன் எறிந்த கல்லைக் காரணம் காட்டலாம். பூவையும் மிட்டாயையும் நீட்டுபவனைச் சுட்டுவிட்டு எதைக் காரணம் காட்டுவது? ஷ்வித்னிட்ஸ்காவின் இந்தச் சிரிப்பு நிகழ்வுகளில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. லுபினுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதைகளில் அதுவும் ஒன்று.

◆

பத்தாயிரம் தொப்பிகள்

1988 மார்ச் 8, மகளிர் தினம். கட்சி பெண்களுக்குப் பூங்கொத்து கொடுக்கும் நாள். ஃபிட்ரிஹ் தெருவில் சானிட்டரி நாப்கின்களை விநியோகித்தார், ஏனென்றால் பூ கிடைத்த நாட்டில் அது கிடைக்கவில்லை. இந்த முறை அரசு பொறுமை இழந்தது. அவருக்கு இரண்டு மாதச் சிறைத்தண்டனை விதித்தார்கள். எழுத்தாளர்களும் கலைஞர்களும் எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள், மேல்முறையீட்டில் அவர் அந்த மாதமே வெளியே வந்தார். அச்சுறுத்துவதற்காகப் போட்ட தண்டனை, அச்சுறுத்த இனி முடியாது என்ற செய்தியை நாடெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஜூன் 1 மீண்டும் வந்தது. ஓராண்டுக்கு முன் இதே நாளில் தொப்பி அணிந்தவர்களை வேனில் ஏற்றிவிட முடிந்தது. இப்போது ஆரஞ்சுத் தொப்பிகளோடு தெருவில் நடந்தவர்கள் 10,000-க்கும் மேல். அவ்வளவு பேருக்கு எந்தக் காவல் நிலையத்திலும் இடமில்லை.

அதன்பின் நிகழ்ச்சிகள் விரைந்தன. 1989 பிப்ரவரியில் வட்டமேசைப் பேச்சு, ஜூன் 4-இல் தேர்தல், மேலவையின் 100 இடங்களில் 99 சாலிடாரிட்டிக்கு. ஃபிட்ரிஹும் மேலவைக்குத் தனித்து நின்றார், தோற்றார். அவர் நடத்திய நிகழ்வுகளின் நினைவாக ஷ்வித்னிட்ஸ்கா தெருவில் 2001-இல் ஒரு வெண்கலக் குள்ளன் நின்றான். இன்று வ்ரோத்ஸ்வாஃப் முழுவதும் நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு குள்ளர் சிலைகள் இருக்கின்றன, சுற்றுலாப் பயணிகள் அவற்றைத் தேடித் தேடிப் படமெடுக்கிறார்கள்.

ஆனால் நம் வாதத்தில் ஒரு விரிசல் இன்னும் அடைபடவில்லை. முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள விரும்பிய அரசிடம்தான் குள்ளன் வென்றான். கடனுக்காகவும் நற்பெயருக்காகவும் அஞ்சாத ஓர் அரசாக இருந்திருந்தால்? பத்தாண்டுகளுக்குள் மூன்று போர்களை நடத்தி, சர்வதேசத் தீர்ப்பாயத்தில் போர்க்குற்றம் சாட்டப்பட்டு, இனி இழப்பதற்கு நற்பெயர் எதுவும் இல்லாத ஓர் ஆட்சியாளராக இருந்திருந்தால்?

அப்படி ஒருவர் இருந்தார். செர்பியாவின் ஸ்லோபோதான் மிலோசெவிச். அவருடைய தலைநகரான பெல்கிரேடின் கடைத்தெருவில் ஒரு நாள், ‘ஒட்போர்’ என்ற மாணவர் அமைப்பினர் தகரப் பீப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, அதில் அவருடைய முகத்தை ஒட்டி, பக்கத்தில் ஒரு தடியை வைத்துவிட்டு அகன்றார்கள். ஒரு தினார் போட்டால் ஒரு அடி அடிக்கலாம். வரிசை நீண்டது. தகரச் சத்தம் தெருமுனைவரை கேட்டது. காவலர்கள் வந்து சேர்ந்தபோது, வைத்தவர்கள் அங்கே இல்லை. நின்றது பீப்பாய் மட்டும், சுற்றிலும் குழந்தைகளோடு கடைக்கு வந்த குடும்பங்கள்.

இப்போது யாரைக் கைது செய்வது?

(தொடரும்)